செயலாளரின் ஆண்டறிக்கை: பேராதனைப் பயணமும் ஒரு சாதிக்காய் மரமும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மாத்தளை வீட்டுத்தோட்டக்காரர்களாகிய உறுப்பினர்களே, வணக்கம்.

கடந்த ஆண்டில் செயற்குழு 6 முறை கூடியது. நாற்றுப் பரிமாற்றம் இரு தடவையும் கோவில் வளவில் சிரமதானம் ஒரு தடவையும் நடந்தன. கூட்டக் குறிப்புகள் உங்கள் கையில் இருப்பதால் அவற்றைத் திரும்பச் சொல்லவில்லை. பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் போய் வந்ததை மட்டும் விரிவாகவே சொல்கிறேன். நான் பொறுப்பேற்ற பிறகு எனக்கு மிகுந்த நிறைவு தந்தது அந்த ஒரு நாள்தான்.

34 பேர் போனோம். பஸ் பிந்தியதால் வெயில் ஏறிய பிறகே வாசலை அடைந்தோம். தாவரவியலாளர் அலெக்சாண்டர் மூன் 1821இல் தொடங்கிய இந்தப் பூங்கா, மகாவலி ஆறு வளைத்தோடும் 147 ஏக்கர் நிலம். முழுவதையும் ஓடி ஓடிப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆகவே முதல் இரண்டு மணி நேரம் வாசனைப் பயிர்கள் இருக்கும் பகுதியிலேயே நின்றோம். சாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது. அதற்கு ஆறேழு ஆண்டுகள் பிடிக்கும். 12 ஆண்டுகளாகக் காய்க்காத மரத்தை வெட்ட ஆள் பேசி வைத்திருந்த நம் அக்கா ஒருவர், இதைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டார். பூத்துக்கொட்டும் அவருடைய மரம் ஆண். பெண் மரத்துக் கொம்பை ஒட்டினால் அதிலேயே காய் எடுக்கலாம்.

இரட்டைத் தென்னையின் கீழும் வெகுநேரம் நின்றோம். சீஷெல்ஸ் தீவுகளுக்கே உரிய மரம் அது. உலகிலேயே பெரிய விதை அதனுடையது. காய் முற்ற ஆறேழு ஆண்டுகள் செல்லும். ஐந்தாம் ஜோர்ஜ் 1901இல் நட்ட நாகலிங்க மரத்தடியில் மூத்தவர்கள் உதிர்ந்த பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அதன் பூர்வீகம் தென்னமெரிக்கக் காடு என்று சொன்னேன். “எங்கிருந்து வந்தால் என்ன தம்பி, பூவுக்குள் லிங்கம் இருக்கிறதே” என்றார் ஒரு பெரியவர். நானும் கும்பிட்டேன்.

திரும்பும் வழியில் பிள்ளைகளுக்குத் தேயிலையின் கதையைச் சொன்னோம். சீனாவிலிருந்து வந்த தேயிலைச் செடியை 1824இல் நட்டு வளர்த்தது இந்தப் பூங்காவில்தான். அப்போது அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. மலையெங்கும் கோப்பி வந்தது. கோப்பிக்காகத்தான் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, இதே மாத்தளை வழியாக நடந்து வந்தார்கள். 1869இல் கோப்பி இலையில் துருநோய் என்ற பூஞ்சை நோய் கண்டது. தோட்டங்கள் அழிந்தன. கண்டிப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை பயிரிட்டுக் காட்டிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. நம்மவர் கைகள் கொழுந்துக்கு மாறின. ஒரு பூஞ்சையும் ஒரு செடியும் நம் குடும்பங்களின் வாழ்வைத் திருப்பியிருக்கின்றன. பஸ்ஸில் யாரும் பேசவில்லை. அடுத்த பயணத்தில் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அவர்களுக்காக மரங்களின் தமிழ்ப் பெயர்களை எழுதித் தொகுத்து வருகிறோம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அக்காவின் மரத்தில் ஒட்டிய ஐந்து கொம்புகளில் மூன்று தளிர்விட்டிருக்கின்றன. இன்னும் நால்வர் கொம்பு கேட்டிருக்கிறார்கள். காய்க்கும் மரம் வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயரைப் பதியுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்