அளவெடுக்க விட்டவர்களுக்கு நன்றி

சுன்னாகம் சந்தை அண்ணைமாருக்கும், பாய் இழைக்கும் அக்காமாருக்கும், தச்சு ஐயாவுக்கும்,

எங்கள் இறுதியாண்டு ஆய்வறிக்கையைக் கொடுத்தாயிற்று. வேலையை உடம்புக்கு ஏற்றபடி அமைப்பது பற்றிய பணிச்சூழலியல் ஆய்வுகூடத்தில் கருவிகளுக்குக் குறைவில்லை. வேலைசெய்து பழகிய உடம்புகள்தான் அங்கே இல்லை. அதை நீங்கள் தந்தீர்கள்.

மூட்டை இறக்கும் அவசரத்திலும் நெஞ்சில் பட்டி கட்டி இதயத்துடிப்பை அளக்க விட்டீர்கள். களைப்பை 6 முதல் 20 வரை ஓர் எண்ணாகச் சொல்லக் கேட்டோம். "ஒண்டு ரெண்டெல்லாம் எங்க தம்பி போச்சு?" என்றார் ஓர் அண்ணை. சுவீடன் நாட்டு உளவியலாளர் போர்க் அமைத்த அளவு அது. சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ இதயத்துடிப்பு வரவேண்டும். அண்ணை சொன்னது, "பரவாயில்லை, 8 எண்டு போடு." பட்டியோ 130ஐத் தாண்டிக் காட்டியது. உழைப்பாளிகள் களைப்பைக் குறைத்தே சொல்வார்கள் என்று அறிக்கையில் தனிப் பந்தியே எழுதினோம். அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991இல் திருத்திய தூக்குதல் சமன்பாட்டின்படி, எல்லாம் வாய்ப்பாக அமைந்தாலும் இரு கையால் தூக்கலாம் என்பது 23 கிலோதான். அதைக் கேட்டு நீங்கள் சிரித்த சிரிப்பை எந்தப் பந்தியில் எழுதுவது?

அக்காமாரிடம் நாரி நோவுக்குக் கதிரை பற்றிக் கதைத்தோம். "கதிரையில இருந்தா பாயை ஆர் காலால அமத்திறது?" என்று கேட்டுவிட்டு, ஒரு காலை மடக்கி இழைத்த பக்கத்தின் மேல் வைத்து, இரு கையாலும் சார்வோலையைக் கோத்துக் காட்டினீர்கள். பாடநூல் இருக்கைகளில் கால் ஊன்றுவதற்கு மட்டுந்தான். இங்கே அது மூன்றாவது கை.

அதனால்தான் கதிரைக்குப் பதிலாக, நிலத்திலிருந்து நாலு விரல் உயரத்தில், முன்பக்கம் சரிந்த இருக்கைப் பலகை. இடுப்பு முன்னே சாய்ந்தால் நாரி கூனுவது குறையும். தச்சு ஐயா வரைபடத்தைப் பார்த்ததும், "தொடையில வெட்டும்" என்று முன்விளிம்பை இழைப்புளியால் மழுக்கினார். பலகைக்குக் காசு வாங்கினார், கூலி வாங்கவேயில்லை. வேலைசெய்யும் நிலை உடம்பை எவ்வளவு வருத்துகிறது என்று புள்ளியிடும் ரூலா மதிப்பீட்டில் 7 ஆக இருந்த புள்ளி 5 ஆனது. 7 என்றால் உடனே மாற்று, 5 என்றால் விரைவில் மாற்று. ஆக, வேலை இன்னும் இருக்கிறது.

அப்புறம், நீளமான அளவுகோல் பெட்டியை முகஞ்சுளிக்காமல் ஏற்றிய பஸ் கொண்டக்டர்மாருக்கும், தேத்தண்ணி தந்த வீடுகளுக்கும் நன்றி.

படங்களில் முகங்களை மறைத்திருக்கிறோம், பெயர் எங்கும் இல்லை. பலகைகள் உங்களுக்கே. உயரம் ஒத்துவராவிட்டால் ஐயாவிடம் சொல்லுங்கள், சீவித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
இறுதியாண்டு மாணவர்கள்