சரித்திரக் காதல் கதைக்குக் காலம் தருவதும் வாழ்க்கை தருவதும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சரித்திரக் காதல் கதைகள் குறித்து வெளியான கட்டுரையைப் படித்தேன். எழுத்தாளருக்குப் பிடித்தமான காலமும் அவருடைய சொந்த அனுபவமும் கதையில் எவ்வாறு கலக்கின்றன என்பதைக் கட்டுரையாளர் அக்கறையோடு ஆராய்ந்திருந்தார். ஆயினும் அவர் எடுத்துக்காட்டிய காலங்கள் யாவும் அரண்மனையையும் அந்தப்புரத்தையும் சார்ந்தவையாகவே இருந்தன. புதுச்சேரியில் பிறந்து, இந்த ஊரின் பதினெட்டாம் நூற்றாண்டைக் களமாகக் கொண்டு பல ஆண்டுகளாகக் கதை எழுதிவருபவள் என்ற முறையில் என் கருத்தையும் தெரிவிக்க விரும்புகிறேன்.

ஒரு காலத்தின் மீது எழுத்தாளருக்கு உண்டாகும் ஈடுபாடு அக்காலத்தின் பட்டோடும் பல்லக்கோடும் நின்றுவிடாமல், அது மனிதர்களுக்கு விதித்த தடைகளையும் தேடிச் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். காதலரைப் பிரிக்கும் தடை எது என்பதைக் காலம் முடிவு செய்கிறது. அந்தப் பிரிவு எப்படி வலிக்கும் என்பதை எழுதுபவர் தம் வாழ்க்கையிலிருந்துதான் எடுத்துவர முடியும்.

என்னை அந்த நூற்றாண்டுக்குள் இழுத்தது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அவர் 1736-இல் எழுதத் தொடங்கிய அந்தப் பக்கங்களில், ஆளுநர் மாளிகைப் பேச்சும், பாக்குக் கிடங்கில் உட்கார்ந்து அவர் கேட்ட ஊர்ச் செய்தியும், கலியாணச் சீரும், கப்பல் வந்த வேளையும் அடுத்தடுத்து வருகின்றன. காதலைச் சொல்வது அவர் நோக்கமன்று. ஆனாலும் எந்தக் கப்பல் என்றைக்குத் தென்பட்டது, அதற்கு மரியாதையாக எத்தனை பீரங்கி போட்டார்கள் என்று அவர் குறித்து வைத்திருப்பதைப் படிக்கப் படிக்க, அந்தக் கப்பலை எதிர்பார்த்துக் கரையில் நின்ற, அவர் பெயர் குறிப்பிடாத பெண்கள் என் மனக்கண்ணில் எழுந்தார்கள்.

அன்று புதுச்சேரியில் கப்பல் வந்து அணையத் துறை கிடையாது. பெரிய கப்பல்கள் தள்ளி நங்கூரமிட, ஆளும் சரக்கும் சலங்கு என்னும் படகில் ஏறி அலையைத் தாண்டித்தான் கரை சேர வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்று தொடங்குமுன் கப்பல்கள் இந்தக் கரையைவிட்டு விலகிவிட வேண்டும். விலகாமல் நின்றவை என்ன பாடுபட்டன என்பதற்கு, 1746 அக்டோபரில் சென்னைக்கு எதிரே புயலில் சிக்கிய பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனேயின் கப்பல்களே சான்று. கடல் கடந்து போனவருக்கு ஒரு செய்தி அனுப்பினால், மறுமொழிக்குக் காற்றுத் திரும்பும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தக் காத்திருப்பு எனக்கு ஏட்டில் படித்துத் தெரிந்ததன்று. எனக்கு நிச்சயம் செய்யப்பட்டிருந்தவர் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போயிருந்த காலத்தில், எங்களுக்குள் இருந்த ஒரே தொடர்பு தபால்தான். சொல்தாக்கள் எனப்படும் பிரெஞ்சு ராணுவ வீரர்களின் குடும்பங்கள் நிறைந்த இந்த ஊரில் என் வயதுப் பெண்கள் பலருக்கும் இது பழக்கமான வாழ்க்கை. அம்மாவுக்குக் காய்ச்சல் கடுமையாக இருக்கிறது என்று ஒருமுறை அவருக்கு எழுதியிருந்தேன். பதறிப்போய் அவர் எழுதிய பதில் என் கைக்கு வந்தபோது, அம்மா குணமாகி, முற்றத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கடிதத்தில் அவருடைய கவலை சூடாக இருந்தது. எனக்கோ அந்தக் கவலை தீர்ந்து பல நாட்கள் ஆகியிருந்தன. ஒரே துயரத்தை இருவரும் ஒரே வேளையில் பட முடியாமல் போவதுதான் பிரிவு என்று அன்று எனக்குப் பட்டது.

பின்னாளில் நான் எழுதிய தொடர்கதைக்கு இந்த உணர்வே ஆதாரமாயிற்று. 1735-இல் மொரீசியசுத் தீவின் ஆளுநரான லா பூர்தொனே, போர்ட் லூயி நகரைக் கட்டியெழுப்புவதற்குப் புதுச்சேரியிலிருந்தும் கைவினைஞர்களை வரவழைத்தார். அவர்களோடு போன ஒரு கொத்தனாரும், அவுரிச் சாயம் நகக்கண்ணில் ஏறிய விரல்களையுடைய ஒரு சாயக்காரர் மகளும் என் கதைமாந்தர்கள். வேறிடத்தில் தனக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று அவள் எழுதுவித்த ஓலை கடலில் போய்க்கொண்டிருக்கிறது. அவனோ அவள் முன்பு அனுப்பிய சம்மதத்தை நம்பி, தீவில் கல் அடுக்கிக்கொண்டே ஊர் திரும்பும் நாளை எண்ணுகிறான். அந்த அத்தியாயத்தை எழுதியபோது சரித்திர நூல் எதையும் நான் புரட்ட வேண்டியிருக்கவில்லை.

சொந்த அனுபவம் கைகொடுக்கிறது என்பதற்காக, இன்றைய மனத்தை அப்படியே அன்றைய பெண்ணுக்குச் சூட்டிவிடுவதும் தகாது. பெண்ணைக் கேட்காமலேயே முகூர்த்தம் வைத்த காலம் அது. அவள் சபையில் எழுந்து நின்று உரிமை பேசினால் வாசகர் கைதட்டலாம். ஆனால் அந்தக் காலம் கதையைவிட்டு ஓடிவிடும். நோன்பைச் சாக்கிட்டு நாளைத் தள்ளிப்போடுவது, சாதகத்தில் தோஷம் என்று சோதிடரைக் கொண்டே சொல்ல வைப்பது என்று அவளுக்கு எட்டக்கூடிய வழிகளுக்குள்தான் அவளுடைய துணிவைத் தேட வேண்டும். பிடித்தமான காலம் என்று சொல்லிக்கொள்பவர்கள் இந்த இடத்தில்தான் மிகுதியாக உழைக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

எழுதப்படாத களங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. 1748-இல் ஆங்கிலேயர் கடலூரின் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டையைத் தளமாக வைத்துப் புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள். அந்த முற்றுகையின்போதுதான் இங்கிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. மழைக்காலம் நெருங்கிய அக்டோபரில் ஆங்கிலேயர் திரும்பிப் போனார்கள். பெண் கடலூரிலும் மாப்பிள்ளை புதுச்சேரியிலுமாக நிச்சயமான குடும்பங்கள் அந்த மாதங்களில் என்ன செய்திருக்கும்? இன்று பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் தொலைவு, அன்று இரண்டு படைகளுக்கு நடுவில் இருந்தது.

ஆகவே தங்கள் நாளிதழ் அடுத்தமுறை சரித்திரக் கதைகளைக் கேட்டு அறிவிப்பு வெளியிடும்போது, நெசவாளர், சாயக்காரர், சலங்குக்காரர், கொத்தனார் போன்றோரின் வீடுகளில் நடக்கும் காதல் கதைகளும் வரவேற்கப்படும் என்று வெளிப்படையாகக் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அத்துடன், வெளிநாட்டிலிருந்து வரும் கடிதத்துக்காகக் காத்திருந்த தலைமுறையினர் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். எழுத விரும்பும் இளையவர்கள் நூலகத்துக்குப் போவதோடு அவர்களிடமும் சென்று கேட்க வேண்டும் என்பதையும் அந்த அறிவிப்பில் சேர்த்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.