யூடியூபில் பார்த்துக்கொள்ளச் சொன்ன நிருபருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சினிமாத் துணுக்குகளில், ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ டிஸ்க்காக வருமா என்று காத்திருப்பவர்களைப் பற்றி நாலு வரி போட்டிருந்தீர்கள். சந்தோஷமாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். கடைசியில், “ஜப்பான்காரர்கள் எடுத்த கார்ட்டூன்தானே, யூடியூபில் பார்த்துக்கொண்டால் போகிறது” என்று முடித்துவிட்டார் உங்கள் நிருபர். அவருக்கு என்ன அவசரமோ.

அந்தப் படத்தின் டைட்டிலில் இயக்குநர்கள் மூன்று பேர் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. யூகோ சாகோ, கோய்ச்சி சசாகி, அப்புறம் நம் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர், 1956ல் பம்பாய்க்குப் போய், மத்திய அரசின் படப் பிரிவான பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். சத்யஜித் ராயின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’யில் வரும் அனிமேஷன் பகுதி அவர் கைவேலை. 2014ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2019ல் இறந்தபோது உங்கள் பத்திரிகையில் ஒரு பெட்டிச் செய்தியாவது வருமா என்று தேடினேன். அந்த வாரம் ஒரு நடிகரின் புது மீசை இரண்டு பக்கத்துக்கு வந்திருந்தது.

நான் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில், பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் தள்ளித் தள்ளி ஒரு பந்தை வரையச் சொல்வேன். சரசரவென்று புரட்டினால் பந்து துள்ளும். பிள்ளைகளுக்கு அப்படி ஒரு குஷி. தலைமை ஆசிரியர் பார்த்துவிட்டு, “விளையாட்டுக் காட்டுறதுக்கு எதுக்கு டீச்சர் ஒரு பீரியடு? கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்துடுங்க” என்றார். கொடுத்தேன். உங்கள் நிருபரும் அந்த வகுப்பில் படித்தவராக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கார்ட்டூன் என்றால் குழந்தைகளுக்கு, குழந்தைகளுக்கு என்றால் எப்படி இருந்தாலும் போதும். இதுதானே கணக்கு? சாகோ ராமாயணத்தை ஜப்பானிய மொழியில் 10 வடிவங்களில் படித்தவர். ராமர் கடவுள், அவரை ஒரு நடிகரை வைத்துக் காட்டுவதைவிட வரைந்து காட்டுவதே சரி என்று சொன்னவர். 1993ல் படத்தை நம் சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டினார்கள். பாபர் மசூதி இடிப்புக்குப் பிந்தைய கொந்தளிப்பில், முறையாகத் தியேட்டருக்கு வராமலே போனது. பிறகு அமெரிக்காவில் 135 நிமிடப் படத்தை வெட்டிச் சுருக்கி, பிரையன் கிரான்ஸ்டன் என்ற அமெரிக்க நடிகரை ராமராகப் பேசவைத்து வெளியிட்டார்கள். முழுசாக ஒரு தடவை ஒழுங்காகப் பார்க்க நமக்குக் கொடுப்பினை இல்லை.

எங்கள் வீட்டுக் கதையே போதும். கேபிளில் போட்டபோது என் பெரியவன் வீடியோ டேப்பில் பதிந்துவைத்தான். அதன் நடுவில் அவன் அப்பா கிரிக்கெட்டைப் பதிந்துவிட்டார். ராவணன் சீதையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் இடத்தில் டெண்டுல்கர் மட்டையோடு வந்து நிற்பார். பேத்திக்கு அதுதான் கதை என்று வெகுநாள் நினைப்பு. பிறகு டேப்பில் பூஞ்சை பிடித்தது. பிளாட்பாரக் கடையில் விசிடி வாங்கினேன், இரண்டாவது டிஸ்க்கில் வேறு ஏதோ பக்திப் படம் இருந்தது.

2024 அக்டோபர் 18ல் தியேட்டருக்கு வருகிறது என்றார்கள், தள்ளிப்போட்டார்கள். 2025 ஜனவரி 24 அன்று ஒருவழியாக 4கே தரத்தில், தமிழ் டப்பிங்கோடும் வந்தது. எங்கள் ஊரில் ஒரே தியேட்டர், அதிலும் காலைக் காட்சி மட்டும். போஸ்டரில் தமிழ், உள்ளே ஓடியது இந்தி. போய்க் கேட்டால், “பாட்டிம்மா, எங்களுக்கு அப்படித்தான் வந்திருக்கு” என்கிறான் டிக்கெட் பையன். சண்டை போடாமல் திரும்பி வந்து உட்கார்ந்தேன், படம் ஓடிக்கொண்டிருந்ததே. கும்பகர்ணன் களத்துக்கு வரும் இடத்தைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும், ஐயா. முழு உருவமும் திரைக்குள் அடங்காது. செல்லுலாய்டு தாளின் முன்பக்கம் கோடு, பின்பக்கம் வண்ணம் என்று கையால் தீட்டிய காலத்து வேலை அது. கை பட்ட இடத்தில் கோடு ஒரு மயிரிழை தடித்து மெலிவது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உங்கள் நிருபர் சொல்லும் யூடியூபில் அந்தக் கோடெல்லாம் கரைந்துபோய்க் கிடக்கிறது, மூலையில் யாரோ ஒரு புண்ணியவானின் சேனல் பெயர் வேறு.

டிஸ்க் போடுகிறேன் என்று கெடுப்பவர்களும் உண்டு. டிஸ்னியின் ‘தி ஸ்வோர்ட் இன் தி ஸ்டோன்’ படத்துக்கு 2013ல் ப்ளூரே போட்டபோது, பிலிமின் புள்ளிகளைத் துடைக்கிறோம் என்று பென்சில் கோட்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். இதற்கும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்பதுதான் என் பயம். குரல்களும் அப்படித்தான். முதலில் செய்த ஆங்கில வடிவம், நடிகர் அருண் கோவில் ராமராகவும் அம்ரீஷ் புரி ராவணனாகவும் பேசிய பழைய இந்தி, வன்ராஜ் பாட்டியாவின் இசையில் வசந்த் தேவ் எழுதிய சமஸ்கிருதப் பாடல்கள் என்று எல்லாம் ஒரே டிஸ்க்கில் இருக்க வேண்டும். புதிய தமிழ் டப்பிங்கும் இருக்கட்டும், நான் இன்னும் கேட்கவில்லையே.

இதையெல்லாம் நீங்கள் எழுதியிருக்கலாம். உங்கள் பத்திரிகை எழுதினால் வெளியிடுபவர்கள் காதில் விழும், என்னைப் போன்றவர்கள் கடிதம் போட்டால் யார் பிரிக்கப்போகிறார்கள்? அது போகட்டும். அடுத்த இதழில், படத்தின் இயக்குநர்களில் ஒருவர் ராம் மோகன் என்று திருத்தமாக ஒரு வரி போடுங்கள், போதும். இடமில்லை என்றால் ராசிபலனில் விருச்சிகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அது என் ராசிதான், நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.