குட்டி கேட்ட கேள்விக்கு மறுமொழி

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. முன்மாரி வேளாண்மை நம் வயல் வட்டையில் மோசமில்லை. மற்றப் புதினங்களைப் பிறகு எழுதுகிறேன். இந்தக் கடிதம் உனக்கல்ல, குட்டிக்கு. அவனுக்கு நம் எழுத்து வாசிக்க வராதே, அதனால் நீதான் வாசித்துக் காட்டவேண்டும். போனில் பதிந்து அனுப்பிவிடாதே. பக்கத்தில் இருத்தி வாசி.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் மருமகளின் நம்பரில் இருந்து வீடியோவில் வந்தான். அங்கே அப்போது பள்ளிக்கூட நேரம் என்பது பிறகுதான் எனக்கு ஓடியது. லீவாக இருக்கும். அவனுக்குப் பின்னால் ஒரு பச்சைச் சுவர் தெரிந்தது. வீட்டுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தீர்களா? அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் பழைய மஞ்சளும் நன்றாகத்தான் இருந்தது.

வந்தவன் சுகம் கூடக் கேட்கவில்லை. "அப்பப்பா, வீமனும் ஹல்க்கும் சண்டை பிடித்தால் யார் வெல்லுவார்?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. நீயும் அவன் வயதில் இதையேதான் கேட்டாய். உனக்கு அப்போது இரும்புக்கை மாயாவி. முத்து காமிக்ஸ் 1972 இல் அந்த மாயாவியோடுதான் தொடங்கியதாம். நம் கைக்கு வரும்போது அட்டையும் இருக்காது, கடைசிப் பக்கமும் இருக்காது. மின்சாரம் பட்டால் அவர் மறைந்துவிடுவார், கை மட்டும் தெரியும். மந்திரவாதி மாண்ட்ரேக் அவரை வசியம் செய்யமுடியுமா, கண்ணே தெரியாதவரை எப்படி வசியம் செய்வது என்று குப்பி விளக்கடியில் இருந்து என்னைக் குடைவாய். நம் ஊரில் கரண்ட் இல்லாத காலம் அது. "இங்கே வந்தால் மாயாவி மறையவே முடியாது" என்று நீயே தீர்ப்பும் சொன்னாய். இப்போது பெரிய கம்பனியில் இருக்கிற மூளை அப்போதே தெரிந்தது. அம்மா அதை இன்னும் ஆட்களிடம் சொல்லுவா. போன் எடுக்காத பிள்ளை என்பதையும் சேர்த்துத்தான் சொல்லுவா.

சரி, வீமனுக்கு வருவோம்.

நான் கூத்தில் வீமன் ஆடியவன் என்பதால் ஒருபக்கச் சார்பாகப் பேசுவேன் என்று குட்டி நினைக்கக்கூடாது. கூடை மாதிரி விரிந்து நிற்கிற கரப்புடுப்பும் கட்டி, முடியும் வைத்து, வட்டக்களரி மேடையில் விடியவிடிய ஆடினால் வீமனின் பலம் எவ்வளவு என்று இடுப்புக்குத் தெரியும். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தில் அடியை ஏற்றிக்கொண்டே போவார், நாம் மூச்சு வாங்கக்கூடாது. ஆனால் நியாயம் நியாயம்தான்.

ஹல்க்கின் சங்கதியை அக்காவின் மூத்தவன் விளக்கிச் சொன்னான். 1962 இல் பிறந்த பாத்திரம். முதல் புத்தகத்தில் சாம்பல் நிறம், பிறகுதான் பச்சை. கோபம் ஏற ஏறப் பலமும் ஏறும், அதற்கு மட்டில்லை. கோபம் தணிந்தால் மெலிந்த ஒரு விஞ்ஞானி. இதுதான் முக்கியம், குட்டிக்கு இரண்டு தரம் வாசி. ஹல்க்குக்குக் கோபம் அந்தந்த நேரத்தில் வரும், அந்தந்த நேரத்திலேயே முடியும். வீமனுடையது அப்படி இல்லை. சபையில் வந்த கோபத்தைத் தருமரின் ஒரு சொல்லுக்காகப் பதின்மூன்று வருடம் வைத்திருந்தான். காட்டில் இருந்தான், பிறகு விராடன் வீட்டு அடுப்படியில் சமைத்துக்கொண்டும் இருந்தான். கோபத்தை வைத்துக்கொண்டே சோறு ஆக்கினான்.

அடித்தால் எழும்புகிற எதிரி வீமனுக்குப் புதிதில்லை. சராசந்தனை இரண்டாகக் கிழித்துப் போடப் போட ஒட்டிக்கொண்டு எழும்பினான். வோல்வரினுக்குக் காயம் ஆறுகிற மாதிரி என்று குட்டிக்குச் சொல்லு, விளங்கும். நாள்கணக்காக நடந்த மல்யுத்தம் அது. கடைசியில் கண்ணன் ஒரு துரும்பைக் கிழித்துத் தலைமாறிப் போட்டுக் காட்டினார். வீமன் அப்படியே உடலைக் கிழித்து இடம்மாற்றி வீசினான், ஒட்டவில்லை.

துரியோதனனோடு கதாயுதம் எடுத்து நின்ற கடைசி நாளும் இப்படித்தான். பலம் வீமனிடம், பழக்கம் துரியோதனனிடம். கண்ணன் சொல்ல, அர்ச்சுனன் தன் தொடையைத் தட்டிக் காட்டினான். இடுப்புக்குக் கீழே அடிப்பது விதி இல்லை என்று பலராமர் கலப்பையைத் தூக்கிக்கொண்டு கோபித்தாரே, அந்த அடி.

இதெல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் என் தீர்ப்பு இது: கண்ணன் பக்கத்தில் நின்றால் வீமன். அந்த விஞ்ஞானி வெளியே வரும்வரை பொறு என்று கண்ணன் சைகை காட்டிவிடுவார். கண்ணன் இல்லாவிட்டால் ஹல்க். குட்டிக்கு இது பிடிக்காமல் போகலாம். ஆனால் வீமனுக்கே பக்கத்தில் நின்று தொடையைத் தட்டிக் காட்ட ஒருவர் வேண்டியிருந்தது, மனே. உனக்கு அங்கே அப்படி யாரும் இருக்கிறார்களா? வேலையிடத்துச் சிநேகிதர்கள் சாப்பாட்டுக்குக் கூடுவார்கள், அதைச் சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

இன்னொன்று, குட்டிக்கு வேண்டாம். ஐந்து பேரில் திரௌபதை கேட்டதைக் கொண்டுவந்து கொடுத்தவன் யார் என்று பார். அந்தப் பூவுக்காகக் காட்டுக்குள் போனவன் வீமன். வழியில் கிழக்குரங்காகக் கிடந்த அனுமாரின் வாலை நகர்த்தமுடியாமல் நின்றதும் அந்தப் பயணத்தில்தான். கீசகன் தொல்லை வந்த இரவிலும் அவள் போய் எழுப்பியது வீமனைத்தான், அர்ச்சுனனை இல்லை. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் புரட்டாதிச் சடங்குக்கு உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். வனவாசம் போவதையும் தீமிதிப்பையும் பார்த்துவிட்டு நித்திரையாகிவிடுவாய். அந்த அம்மன் கோயில்காரருக்கு இது சொல்லிக் கொடுக்கவேண்டிய விசயம் இல்லை.

குட்டியின் இரண்டாவது கேள்வி வாலியும் சூப்பர்மேனும். நல்ல கேள்வி. எதிரே நிற்பவனின் பலத்தில் பாதி வாலிக்கு வந்துவிடும். இராவணனையே வாலில் கட்டிக்கொண்டு திரிந்தவன். சூப்பர்மேனுக்குப் பலம் சூரியனில் இருந்து வருகிறதாம், அதில் பாதி போனாலும் நாளைக்கு விடியும்தானே என்று குட்டி வாதாடுகிறான். அதோடு வானத்தில் தூரமாக நின்று கண்ணால் நெருப்பு விடுவாராம், எதிரே வரவேமாட்டாராம். அதைத்தான் இராமரும் செய்தார். மறைந்து நின்று எய்துவிட்டு வாலியிடம் கேள்வி வாங்கினார். சூப்பர்மேன் அப்படி வென்றால் அவரும் வாலிக்கு மறுமொழி சொல்லவேண்டும் என்று சொல்லு. நேரே நின்றால் வாலி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த வெள்ளைக்காரப் புத்தகங்களில் ஒரு முறை இருக்கிறது, அக்காவின் மூத்தவனிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1976 இல் டிசி, மார்வெல் என்ற இரண்டு கம்பனிகளும் சேர்ந்து சூப்பர்மேனையும் ஸ்பைடர்மேனையும் ஒரே புத்தகத்தில் விட்டார்கள். முதலில் அடிபடுகிறார்கள். சிலந்திக்காரன் அடித்தால் சூப்பர்மேனுக்கு வலிக்குமா? வலிக்கவேண்டும் என்று லூதர் என்ற வில்லன் சிவப்புச் சூரியனின் கதிரைச் சிலந்திக்காரன்மேல் பாய்ச்சிவிடுகிறான். அதாவது இரண்டு நல்ல மனிதர்கள் மோதுவதற்கு மூன்றாவது ஒருவன் பலம் ஏற்றிக் கொடுக்கிறான். பிறகு இருவரும் ஆறிக் கதைத்து, யார் மூட்டிவிட்டது என்று தேடிப் போகிறார்கள். அந்தக் கதைத்த பக்கம்தான் புத்தகத்தில் நல்ல பக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நான் பார்த்ததில்லை.

1996 இல் இன்னும் வேடிக்கை. அதே இரண்டு கம்பனிகளும் பதினொரு சண்டை வைத்து, அதில் ஐந்துக்கு வாசகர்களை வாக்குப் போடவிட்டார்கள். சூப்பர்மேன் ஹல்க்கை வென்றார், பேட்மேன் கேப்டன் அமெரிக்காவை வென்றார். புயலை ஆட்டுகிற ஸ்டோர்ம், வொண்டர் வுமனையே வென்றுவிட்டா. வோல்வரினும் லோபோவும் அடிபட்டது தவறணை மேசைக்குப் பின்னால், ஒன்றும் தெரியாதாம், வென்றவர் மட்டும் எழும்பி வருவார். வாக்குப் பெட்டியை நம்பி மல்யுத்தத்தை முடிவு செய்தால் இப்படித்தான். நம் ஊர்த் தேர்தலைப் பற்றி இங்கே எழுதவில்லை.

நம் ஆட்கள் வாக்குப் போடவில்லை, கணக்குப் பார்த்தார்கள். இராவணனைக் கார்த்தவீரியன் சிறைப்பிடித்தான். அவனைப் பரசுராமர் கொன்றார். பரசுராமரை இராமர் வில்லை வளைத்து அடக்கினார். அதே பரசுராமர் அடுத்த கதைக்குள் வந்து பீஷ்மரோடு பொருதார். இருபத்துமூன்று நாள், ஒருவரும் தோற்கவில்லை. அப்படியானால் இராமரும் பீஷ்மரும் நின்றால் யார் என்று குட்டியிடம் கேள், தானே கணக்குப் போடுவான். அவனுக்கு உன் மூளை.

அந்த இருபத்துமூன்று நாளைப் பற்றி நான் கொஞ்சநாளாக யோசிக்கிறேன். பிரசுவாபம் என்ற அஸ்திரத்தைப் பீஷ்மர் எடுக்கப் போகும்போது வேண்டாம் என்று தடுத்தார்கள். பரசுராமரின் முன்னோர் வந்து அவரையும் ஆயுதத்தைப் போடச் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் மானம் போகவில்லை. அம்பைக்காகத்தான் அந்தச் சண்டை. முடிந்த பிறகு அம்பையின் பின்னால் அந்த இரண்டு பெரிய மனிதரும் போகவில்லை. தனியே காட்டுக்குப் போய்த் தவம் இருந்தாள். சம வெற்றி என்று எல்லாரும் சொல்கிறோம். மருமகள் சுகமா?

அம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லைத்தானே. சித்திரை வருடப்பிறப்புக்கு எடுத்ததோடு சரி, அதன்பிறகு உன் குரல் கேட்கவில்லை. வேலை கூட என்று சொல்லுவாய். கூடத்தான் இருக்கும், ஒரு பிள்ளையை வளர்த்துக்கொண்டு அந்தக் குளிரில் நீ நிமிர்ந்து நிற்பதை நான் எல்லாரிடமும் சொல்கிறேன். இருந்தாலும் எடு. குட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடு.

மூன்றாவதாகவும் ஒரு சண்டையைப் பற்றி அவன் கேட்டான். அது புத்தகத்தில் உள்ள ஆட்கள் இல்லை. லைன் சரியில்லை என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அவன் மறந்திருப்பான். மறக்காவிட்டால் அதற்கு நீதான் மறுமொழி சொல்லவேண்டும், பக்கத்தில் இருத்தி.

ஜப்பான் கார்ட்டூன் வீரர் கோக்குவைப் பற்றி அடுத்ததில் எழுதுகிறேன். அவர் தோற்றால் பயிற்சி செய்துவிட்டு வருவாராம், அதற்கு நான் இன்னும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

இந்த வீட்டை அக்காவுக்குச் சீதனமாக எழுதியது உனக்குத் தெரியும். ஆனால் பின் அறை நம் பொறுப்பில்தான் இருக்கிறது, அக்காவும் அப்படித்தான் சொன்னாள். ஆவணி லீவுக்கு யார் வந்தாலும், எத்தனை பேர் வந்தாலும் இடம் உண்டு.

கடைசியாக ஒரு வேலை. உன் மாமனார் தங்கள் ஊரில் துரியோதனன் ஆடியவர். உங்கள் கலியாணத்தில் வீமனும் துரியோதனனும் சம்பந்தி ஆகிவிட்டார்கள் என்று ஊரே சிரித்ததே. அவர் இருக்கும்வரை எங்களுக்குள் ஒரு வழக்கு: களரியில் தொடையில் அடிபட்டதும் துரியோதனன் உடனே விழவேண்டுமா, இல்லை ஒரு சுற்று ஆடிவிட்டு விழவேண்டுமா. அவர் தங்கள் அண்ணாவியாரிடம் கேட்டு மகளிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அது என்ன என்று மருமகளிடம் கேட்டு எழுது. அவளுக்கு மெசேஜ் போட்டுக் கேட்கவேண்டாம், நேரே போய்க் கேள். அந்தச் சுற்றின் தாளக்கட்டையும் அவள் வாயால் சொல்லிக் காட்டச் சொல், அவளுக்குத் தெரியும்.

அன்புடன்
அப்பா