புதிருக்குப் பக்கத்திலேயே விடை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் இதழின் மாணவர் பகுதியில் வாராவாரம் கணக்குப் புதிருக்கு இடம் ஒதுக்குகிறீர்கள். அதற்கு நன்றி. அந்த இடம் இன்னும் நன்றாகப் பயன்பட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம். அங்கே வருபவற்றில் பாதிக்கு மேல் புதிர் என்று சொல்லத்தக்கவை அல்ல. நல்ல புதிர் வரும் வாரத்திலோ, அதன் விடையும் அதே பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சாகியிருக்கிறது. பக்கத்தைத் திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

‘அடுத்த எண் என்ன?’ வகைக் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1, 2, 4, 8, 16 என்று கொடுத்தால் 32 என்று எழுதும் பிள்ளைக்குப் பாராட்டு. 31 என்று எழுதும் பிள்ளைக்கு? ஒரு வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, எல்லாப் புள்ளிகளையும் ஒன்றோடொன்று நேர்கோட்டால் இணையுங்கள். 1 புள்ளி என்றால் வட்டம் ஒரே துண்டு. 2 புள்ளிக்கு 2 துண்டு, 3-க்கு 4, 4-க்கு 8, 5-க்கு 16. ஆனால் 6 புள்ளிக்கு 31 துண்டுதான் வரும். ஒவ்வொரு கோடும் ஒரு துண்டைக் கூட்டுகிறது. கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு இடமும் இன்னொரு துண்டைக் கூட்டுகிறது. 6 புள்ளிக்கு 15 கோடுகள். எந்த 4 புள்ளிகளை எடுத்தாலும் ஒரு வெட்டு என்பதால் 15 வெட்டுகள். 1+15+15. வரைந்து எண்ணுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 6 புள்ளிகளையும் சம இடைவெளியில் வைத்தால் மூன்று கோடுகள் நடுவே ஒரே இடத்தில் சந்தித்து, 30 துண்டுகள்தான் தேறும். புள்ளிகளைச் சற்று முன்னே பின்னே தள்ளி வைக்க வேண்டும். ‘ஏன் 32 வரவில்லை?’ என்று கேட்டால் அது அருமையான புதிர். ஐந்து எண்களைக் கொடுத்து ஆறாவதைக் கேட்பதோ, கேட்டவர் மனத்தில் உள்ளதை ஊகிக்கச் சொல்வதுதான்.

8÷2(2+2) வகையறாவும் அப்படியே. சிலருக்கு 16, சிலருக்கு 1 என்று விடை வருவது குறியீட்டை எப்படி வாசிப்பது என்ற தகராறு. அதில் கணக்கு ஏதும் இல்லை.

நல்ல புதிருக்கு ஓர் எடுத்துக்காட்டு, சதுரங்கப் பலகையும் டோமினோவும். 8×8 பலகையில் எதிரெதிர் மூலைகள் இரண்டை வெட்டி எடுத்துவிட்டால் 62 கட்டங்கள் மிஞ்சும். டோமினோ என்பது செவ்வகக் காய்; ஒன்று, ஒட்டியுள்ள இரண்டு கட்டங்களை மூடும். 31 டோமினோக்களால் பலகை முழுவதையும் மூட முடியுமா? கடையில் கிடைக்கும் டோமினோப் பெட்டியில் 28 காய்கள்தான் இருக்கும். அதனால் கெட்டி அட்டையில் 2.5 செ.மீ. பக்கமுள்ள கட்டங்களாகப் பலகை வரைந்து, 5×2.5 செ.மீ. அளவில் 31 துண்டுகள் நறுக்கிக்கொள்வது நல்லது. முக்கியமாக, பலகைக்கு நிறம் தீட்டக் கூடாது. பிள்ளைகள் அடுக்கிப் பார்ப்பார்கள். 30 துண்டுகள் வரை எப்படியாவது வைத்துவிடுவார்கள். கடைசியில் ஒட்டாத இரண்டு கட்டங்கள் ஆளுக்கொரு பக்கமாக நிற்கும். கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினாலும் அதே கதைதான். இந்த இடத்தில் கறுப்பு வெள்ளையாக நிறம் தீட்டச் சொல்லுங்கள். எதிரெதிர் மூலைகள் ஒரே நிறம். ஆக ஒரு நிறத்தில் 32, மற்றதில் 30. ஒவ்வொரு டோமினோவும் ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் மூடியே தீரும். தலைகீழாக நின்றாலும் 31-ஐ வைக்க முடியாது. கோடிக்கணக்கான அடுக்குமுறைகளையும் ஒரு டப்பா வண்ணம் தீர்த்துவைக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். கணிதப் பேராசிரியராலும் இதைவிடச் சுருக்கமாக நிரூபித்துவிட முடியாது.

அடுத்து, 1940-களில் பரவலான 12 நாணயப் புதிர். 12 நாணயங்களில் ஒன்று போலி. அது மற்றவற்றைவிடக் கனமா, லேசா என்பது தெரியாது. எடைக்கல் இல்லாத தட்டுத் தராசில் மூன்றே நிறுவையில் போலி எது, அது கனமா லேசா என்று சொல்ல வேண்டும்.

எடுத்த எடுப்பில் எல்லாரும் 6-க்கு 6 வைப்பார்கள். அங்கேதான் சறுக்கல். எண்ணிப் பார்த்தால் காரணம் தெரியும். ஒவ்வொரு நாணயமும் கனமாகவோ லேசாகவோ இருக்கலாம் என்பதால் மொத்தம் 24 சாத்தியங்கள். ஒரு நிறுவைக்கு மூன்று முடிவுகள்: இடம் தாழலாம், வலம் தாழலாம், சமமாக நிற்கலாம். இரண்டு நிறுவைக்கு 9, மூன்றுக்கு 27. ஆகவே முதல் நிறுவைக்குப் பிறகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் 9-க்கு மேல் சாத்தியங்கள் மிஞ்சக் கூடாது. 6-க்கு 6 வைத்தால் 12 மிஞ்சுகிறது. அதோடு ஆட்டம் முடிந்தது. 4-க்கு 4 வைத்தால் எந்த முடிவானாலும் 8.

இனி வேலை சுலபம். 1, 2, 3, 4 இடத்தட்டில். 5, 6, 7, 8 வலத்தட்டில். சமமாக நின்றால் இந்த எட்டும் நல்லவை. 9, 10, 11-ஐ 1, 2, 3-க்கு எதிரே வையுங்கள். சமம் என்றால் 12-தான் போலி. அதை 1-ஓடு வைத்தால் கனமா லேசா என்று தெரிந்துவிடும். சமம் இல்லையென்றால் கனமா லேசா என்பது இப்போதே தெரிந்துவிட்டது. 9-ஐயும் 10-ஐயும் ஒப்பிட்டால் மூன்றில் எது என்பதும் தெரியும். முதல் நிறுவையில் இடத்தட்டு தாழ்ந்திருந்தால், 1 முதல் 4-இல் ஒன்று கனம், அல்லது 5 முதல் 8-இல் ஒன்று லேசு. இங்கேதான் புதிரின் சூட்சுமம்: நாணயங்களைத் தட்டு மாற்றி வைக்க வேண்டும். 1, 2, 5 இடத்தில். 3, 4, 6 வலத்தில். 7, 8 வெளியே. இடம் தாழ்ந்தால் 1 அல்லது 2 கனம், இல்லாவிட்டால் 6 லேசு. 1-ஐயும் 2-ஐயும் நிறுத்தால் முடிந்தது. வலம் தாழ்ந்தால் 3 அல்லது 4 கனம், இல்லாவிட்டால் 5 லேசு. சமம் என்றால் 7, 8-இல் லேசானது போலி. முதலில் வலத்தட்டு தாழ்ந்திருந்தால் இதையே இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

13 நாணயங்களுக்கு 26 சாத்தியம்; 27-க்குள்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் முடியாது. 4-க்கு 4 வைத்துச் சமமானால் வெளியே 5 நாணயங்கள், 10 சாத்தியங்கள். 5-க்கு 5 வைத்துச் சாய்ந்தால் அதிலும் 10. ஒன்பதில் பத்தை அடக்க வழியில்லை. ‘கனமா லேசா’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, போலி எது என்று மட்டும் கேட்டால் 13-க்கும் முடியும். நிபந்தனையில் ஒரு சொல் விடுபட்டால் புதிரே வேறாகிவிடுகிறது. ஆகவே பக்கத்தில் இடம் போதவில்லை என்று நிபந்தனைகளைச் சுருக்கிவிடாதீர்கள்.

ஓர் இதழின் புதிர்ப் பக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ராமானுஜன் சாட்சி. லண்டனில் வெளிவந்த ‘ஸ்ட்ராண்ட்’ இதழின் 1914 டிசம்பர் வெளியீட்டில் ஒரு புதிர். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண்கள். ஒரு வீட்டுக்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள் உண்டு. அந்த வீட்டின் எண் என்ன? கேம்பிரிட்ஜில் அப்போது மாணவராக இருந்த மகலனோபிஸ் (பின்னாளில் புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞர்) இதைப் போட்டுப் பார்த்து விடை கண்டு, சமைத்துக்கொண்டிருந்த ராமானுஜனிடம் படித்துக் காட்டினார். ராமானுஜன் கரண்டியை வைக்காமலே ஒரு தொடர் பின்னத்தை, அதாவது பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போகும் ஒன்றை, சொன்னார். அதில் 288 வீடுகளில் 204-ஆவது வீடு என்ற விடை மட்டுமல்ல, இப்படிப்பட்ட எல்லாத் தெருக்களின் விடைகளும் அடங்கியிருந்தன: 8 வீடுகளில் 6, 49-இல் 35, 288-இல் 204, 1681-இல் 1189. ஒரே வீடுள்ள தெருவையும் சேர்த்து, வீட்டு எண்களை மட்டும் பாருங்கள்: 1, 6, 35, 204, 1189. ஒன்றை 6-ஆல் பெருக்கி அதற்கு முந்தையதைக் கழித்தால் அடுத்தது. தெருவின் நீளத்துக்கு வரம்பு போட்டு ஒரு விடை கேட்டார்கள். அவர் வரம்பை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

ஆகவே என் வேண்டுகோள் இது. முதல் வாரம் புதிர் மட்டும் வரட்டும். இரண்டாம் வாரம் ஒரு வரிக் குறிப்பு போதும். டோமினோவுக்கு ‘நிறம் தீட்டிப் பாருங்கள்’, நாணயத்துக்கு ‘சாத்தியங்களை எண்ணுங்கள்’ என்பதற்கு மேல் வேண்டாம். மூன்றாம் வாரம் விடையோடு காரணமும் வர வேண்டும். ‘விடை: முடியாது’ என்று மட்டும் போட்டால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. வாசகர்கள் அனுப்பும் தீர்வுகளில் விடை மட்டும் எழுதியவற்றைத் தள்ளிவிட்டு, காரணம் எழுதியவற்றில் ஒன்றை வெளியிடுங்கள். பாதி வழியில் தடுமாறிய தீர்வு ஒன்றையும் பெயர் இல்லாமல் போட்டு, எந்த வரியில் தடம் மாறியது என்று காட்டலாம். சரியான தீர்வைவிட அது மாணவர்களுக்கு அதிகம் உதவும்.

தொடங்கி வைக்க ஒரு புதிர் தருகிறேன். 8×8 பலகையில் ஒரே ஒரு கட்டத்தை நீக்கிவிட்டு, மிச்சமுள்ள 63 கட்டங்களை மூன்று கட்ட நீளமுள்ள 21 நேர்ப்பட்டைகளால் மூட வேண்டும். பட்டைகளைக் குறுக்கிலும் நெடுக்கிலும் வைக்கலாம். ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது, பலகைக்கு வெளியே நீளக் கூடாது. எந்தெந்தக் கட்டத்தை நீக்கினால் இது முடியும்? விடையையும் நிரூபணத்தையும் தனித்தாளில் எழுதி, ஒட்டிய உறையில் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் வாரக் குறிப்பாக ‘இரண்டு நிறம் போதாது’ என்று மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.