வாலைப் பார்க்காமல் திறந்தேன்

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்தக் கடிதத்தைத் தனி ஃபைலாக இணைக்காமல் மெயிலுக்குள்ளேயே அடித்து அனுப்புகிறேன். 'தெரியாதவர்கள் அனுப்பும் மின்னஞ்சல் இணைப்புகளைத் திறக்கவே கூடாது' என்று போன ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்தீர்கள். உங்களுக்கு நான் தெரியாதவள்தானே.

அந்த அறிவுரையில் தப்பொன்றும் இல்லை, ஆனால் என் மாதிரி ஆட்களுக்கு அது உதவாது. திங்கள்சந்தையில் ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் என்று பன்னிரண்டு வருடமாகக் கடை நடத்துகிறேன். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது மெயில் வரும், பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்களிடமிருந்து, பாதிக்குத் தலைப்பே இருக்காது. குளச்சல் பக்கமிருந்து கப்பல் வேலைக்கு விண்ணப்பிக்கிறவர் வருவார், துபாயிலிருக்கும் மகன் அனுப்பிய விசா காகிதத்தை எடுக்க அம்மா வருவார். "அக்கா, மெயில் போட்டாச்சு, ரெண்டு காப்பி எடுத்துத் தாருங்க" என்று பைக்கை ஆஃப் பண்ணாமலே வாசலில் நிற்கிற பையனிடம் 'உன்னை எனக்குத் தெரியாது தம்பி, திறக்கமாட்டேன்' என்று சொன்னால் அவன் அப்படியே அடுத்த கடைக்கு வண்டியை விடுவான்.

இப்படித் திறந்து திறந்து பழகின கைதான் இரண்டு வருடத்துக்கு முன் என்னை மாட்டிவிட்டது. ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், கடைக்குள் கால் வைக்க இடமில்லை. பில் இணைத்திருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு மெயில், கூட ஒரு ஜிப் ஃபைல், அதைத் திறக்க வேண்டிய பாஸ்வேர்டும் மெயிலிலேயே இருந்தது. பேப்பர் கட்டு போடுகிறவர் அனுப்பிய பில் என்று நினைத்துவிட்டேன். உள்ளே பிடிஎஃப்புக்கு உரிய சிவப்புப் படத்தோடு ஒரு ஃபைல். இரண்டு தட்டுத் தட்டினேன், ஒன்றும் திறக்கவில்லை. மறுபடியும் தட்டினேன். சரி, பழுதான ஃபைல் போல என்று விட்டுவிட்டு டிசி நகல் எடுக்கப் போய்விட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு கல்யாணக் கார்டைத் திறந்தால் திறக்கவில்லை. அந்த ஃபோல்டரில் இருந்த எல்லாப் பெயருக்கும் பின்னால் அர்த்தமில்லாத ஐந்தாறு எழுத்து ஒட்டியிருந்தது. ஃபோல்டருக்கு ஒரு கடிதம் வேறு: உன் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமென்றால் பிட்காயினில் பணம் அனுப்பு. ரான்சம்வேர் என்பது பெரிய ஆஸ்பத்திரிக்கும் பேங்குக்கும் வருகிற வியாதி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பேக்கப் எடுத்து வைத்த எக்ஸ்டர்னல் டிஸ்க் எப்போதும்போல யுஎஸ்பியில் செருகியபடியே இருந்தது, அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது.

போனது வெறும் ஃபைல்தானே என்று வீட்டில் சொன்னார்கள். "போன வருஷத்து நோட்டீஸ்ல தேதிய மட்டும் மாத்தித் தாருங்க" என்று வருகிறவர்களை நம்பித்தான் என் பிழைப்பே. அம்மன் கொடை நோட்டீஸ், பங்குத் திருவிழா நோட்டீஸ், ஒன்றுக்கு இருநூறு முன்னூறு நன்கொடையாளர் பெயர், அதில் ஒரு பெயர் இரண்டு வரி கீழே இறங்கினாலும் ஊரில் சண்டை வரும். அந்த வரிசைகள் எல்லாம் என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தன. பணம் நான் கட்டவில்லை. கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் கிடையாது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன், தெரிந்த பையன்களிடம் கேட்டேன். ஸ்பேம் மெயிலைத் திறந்தாலே கம்ப்யூட்டர் கெட்டுவிடுமா என்று என் கடையிலேயே பலர் கேட்கிறார்கள். 1999ல் பப்பிள்பாய் என்று ஒரு வைரஸ் வந்தது, அன்றைய அவுட்லுக் என்ற மெயில் மென்பொருளில் மெயிலைப் பார்த்தாலே போதும், வேலையைக் காட்டிவிடும். இன்றைக்கு பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து எழுத்தை வாசிப்பதால் அப்படி ஆவது அபூர்வத்திலும் அபூர்வம். அதிகம் போனால், மெயிலில் உள்ள படம் இறங்கும்போது இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று அனுப்பியவனுக்குத் தெரியலாம். இணைப்பைத் தட்டுவது வேறு கதை. அதிலும் எந்த மாதிரி ஃபைலைத் தட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் தட்டியது பிடிஎஃப்பே இல்லை. பெயர் டாட் பிடிஎஃப் என்று முடிவதுபோலத் தெரிந்தது, அதற்கும் பின்னால் டாட் இஎக்ஸ்இ என்று இன்னொரு வால் இருந்திருக்கிறது, தட்டினால் ஓடத் தொடங்குகிற புரோகிராமுக்கு உரிய வால். விண்டோஸ் தனக்குத் தெரிந்த வால்களை எல்லாம் மறைத்துத்தான் காட்டும், நாமாகப் போய் மாற்றினால் ஒழிய. படம் எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போட்டதும் நமக்குப் பாதுகாப்புக்காக இல்லை, மெயில் கம்பெனியின் வைரஸ் சோதனை உள்ளே எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக.

வேடிக்கை என்னவென்றால் இது அரதப்பழசான வித்தை. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸும் இதையேதான் செய்தது: பார்வைக்கு டாட் டிஎக்ஸ்டி என்று முடிகிற காதல் கடிதம், மறைந்திருக்கிற வால் டாட் விபிஎஸ், அதுவும் தட்டினால் ஓடுகிற புரோகிராம்தான். நான் அப்போது நாகர்கோவிலில் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்தேன், மெயில் என்றால் என்னவென்றே தெரியாது. தட்டியவர்களின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அது தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. அதாவது வாங்கியவர்களுக்கு அது வந்தது தெரிந்தவரிடமிருந்து! 1999ல் வந்த மெலிசாவும் அப்படித்தான், முதல் ஐம்பது முகவரிக்குத் தன்னை அனுப்பியது. தெரியாதவர் அனுப்பினால் திறக்காதே என்கிற விதியை இந்த இரண்டிலும் வைத்துப் பாருங்கள், என்ன ஆகும்?

மெலிசா வந்தது வேர்டு ஃபைலில், அதற்குள் இருக்கும் மேக்ரோ என்கிற குட்டி புரோகிராம் வழியாக. இன்றும் சில வேர்டு, எக்செல் ஃபைலைத் திறந்தால் மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்து 'எனேபிள் கன்டென்ட்' என்று கேட்கும். அதை அமுக்காதவரை மேக்ரோ ஓடாது. இணையத்திலிருந்து வந்த ஃபைல்களில் மேக்ரோவை 2022லிருந்து மைக்ரோசாஃப்டே அடைத்துவைக்கிறது, ஆனால் அது புதிய ஆஃபீஸில். எங்கள் பக்கம் எத்தனை கடையில் காசு கொடுத்து வாங்கிய ஆஃபீஸ் இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். என் கடையிலும் அன்றைக்கு 2007தான் ஓடிக்கொண்டிருந்தது.

பிடிஎஃப்பும் போட்டோவும் பெரும்பாலும் சாது. பிடிஎஃப்புக்குள் இருக்கும் லிங்க்கைத் தட்டிப் போகிற இடத்தில் பாஸ்வேர்டு கேட்டால் மட்டும் உஷார், அப்புறம் அதைத் திறக்கிற மென்பொருள் பழசாக இருக்கக் கூடாது. டாட் ஹெச்டிஎம்எல் என்று ஒன்று வரும், திறந்தால் அச்சு அசல் பேங்க் லாகின் பக்கம் போலவே இருக்கும், அதில் பாஸ்வேர்டை அடித்தால் திருடன் கைக்குப் போய்விடும்.

இப்போது மெயிலைவிட வாட்ஸ்அப்பில்தான் இந்தத் தொல்லை ஜாஸ்தி. திருமண அழைப்பிதழ் என்று பெயர் வைத்து டாட் ஏபிகே ஃபைல் அனுப்புகிறார்கள். அது கார்டு இல்லை, ஆண்ட்ராய்டு ஃபோனில் ஏறி உட்காருகிற ஆப், அனுமதி கொடுத்துவிட்டால் ஓடிபி மெசேஜைக்கூட வாசித்துவிடும். கல்யாணக் கார்டு அடிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், நான் இதுவரை கொடுத்த டிஜிட்டல் கார்டு எல்லாம் ஜேபெக் அல்லது பிடிஎஃப், வீடியோ கேட்டால் எம்பி4. எந்த மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஏபிகே அடித்துக் கொடுத்ததில்லை.

இப்போது என் கடையில் யார் மெயில் அனுப்பினாலும் திறக்கிறேன், ஆனால் டவுன்லோடு செய்யாமல் ஜிமெயிலிலேயே பார்த்து அங்கிருந்தே பிரிண்ட் கொடுக்கிறேன். அங்கே வெறும் காட்சிதான், மேக்ரோ ஓடாது. விண்டோஸின் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ'வுக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்து வைத்திருக்கிறேன், வால் முழுதாகத் தெரியும். பேக்கப் டிஸ்க்கைச் சனிக்கிழமை ராத்திரி மட்டும் செருகி, முடிந்ததும் உருவிவிடுவேன். ஏதாவது சந்தேகமாகத் தட்டிவிட்டால் முதலில் நெட் வயரைப் பிடுங்கு என்று வேலைக்கு நிற்கிற பிள்ளையிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிக்க வேண்டும், அந்த எண்ணைக் கண்ணாடியில் பெரிதாக ஒட்டியிருக்கிறேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இதைப் பற்றிப் போடும்போது 'திறக்காதே' என்பதோடு நிறுத்தாமல் எந்த வால் ஆபத்து என்பதையும் கொஞ்சம் போடுங்கள். ஊருக்கு ஊர் என்னைப் போல அடுத்தவர் ஃபைலைத் திறந்து சோறு சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பூட்டப்பட்ட அந்த டிஸ்க்கை நான் தூக்கிப் போடவில்லை. ஐரோப்பிய நாடுகளின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 2016ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' என்ற தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசமாகவே சாவி கிடைக்கிறது. மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன், எனக்கு வந்த வகைக்கு இன்னும் வரவில்லை. டிஸ்க் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி,
திங்கள்சந்தை, கன்னியாகுமரி மாவட்டம்.