பேய் வண்டிகள் அல்ல, ஊரின் பழைய ஆம்புலன்ஸ்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் பழைய சிறை வளாகங்களில் அமரர் ஊர்தி, ஆம்புலன்ஸ் சங்கத்தினர் கூடுவதைப் பற்றி நீங்கள் வெளியிட்ட படப் பக்கத்தில், வரிசையாக நின்ற எல்லா வண்டிகளுக்கும் 'பேய் வண்டிகள்' என்று ஒரே பெயர் சூட்டியிருந்தீர்கள். அவற்றில் பல, சாகக் கிடந்தவர்களைப் பிழைக்க வைக்க ஓடியவை. அதை வாசகர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

1970கள் வரை அமெரிக்கச் சிற்றூர்களில் யாராவது விபத்தில் சிக்கினால் இறுதிச் சடங்கு நிறுவனத்துக்குத்தான் தொலைபேசி போகும். ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும் நீள வண்டி அவர்களிடம்தான் இருந்தது. 1966இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழப் பாதியை 12,000 இறுதிச் சடங்கு நிறுவனத்தார் நடத்துவதாகச் சொன்னது. இதற்கென்றே 'காம்பினேஷன்' என்ற இரட்டைப் பயன் வண்டி கட்டப்பட்டது. காலையில் சவப்பெட்டி, மாலையில் நோயாளி.

அதை அடையாளம் காண, பின்கதவைத் திறந்து தரையைப் பார்க்க வேண்டும். சவப்பெட்டி உருண்டு ஏற ரோலர்கள் பதித்த பலகைகள் இருக்கும். அவற்றைப் புரட்டிப் போட்டால் ஸ்ட்ரெச்சர் நிற்கத் தட்டையான தரை கிடைக்கும். நடுவில் ஓடும் உலோகப் பட்டையில் வரிசையாகத் துளைகள். ரப்பர் முகம் வைத்த பின்களை அவற்றில் செருகி, பெட்டி நகராதபடி முன்னும் பின்னும் இறுக்குவார்கள். பக்கச் சுவரோரம் உதவியாளருக்கு மடக்கு இருக்கை. கூரையில் சுழல் விளக்கைக் கழற்றி மாட்டும் இடத்தில் ஒரு மூடி. பின் பக்கவாட்டில் 'எஸ்' வடிவ வெள்ளிக் கம்பி இருந்தால் அது பெரும்பாலும் அமரர் ஊர்தி. குதிரை வண்டியின் மடக்குக் கூரையைத் தாங்கிய கம்பி, வேலை போன பிறகும் அலங்காரமாகத் தங்கிவிட்டது.

இத்தகைய கூடுகைக்கு ஒஹையோ மாநிலத்தின் மேன்ஸ்ஃபீல்ட் சிறையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. 1896இல் முதல் கைதிகளை ஏற்று 1990இல் மூடப்பட்ட அந்தக் கட்டடத்தின் ஆறடுக்கு எஃகு அறைத்தொகுதி புகழ் பெற்றது. அதே மாநிலத்துப் பட்டறைகளில்தான் இந்த வண்டிகளில் பலவும் பிறந்தன: மில்லர் மீட்டியர் பிக்வாவில், சுப்பீரியர் லைமாவில், ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் சின்சினாட்டியில். ப்யூக் காரின் அடிச்சட்டத்தில் வண்டி கட்டிய ஃபிளெக்சிபிள் நிறுவனம் இருந்த லவுடன்வில் மேன்ஸ்ஃபீல்டுக்குப் பக்கத்து ஊர். சிறையின் இடுகாட்டில் பெயரின்றி எண் மட்டும் இட்ட கல்லறைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் வண்டிக்குள் பிளாஸ்டிக் எலும்புக்கூடு வைப்பது தகாது. சங்கங்கள் இதை விதியாகவே எழுதிவைக்க வேண்டும்.

வண்டியைக் கொண்டுவருவதும் எளிதல்ல. காடிலாக் கார் நிறுவனம் இத்தகைய வண்டி கட்டுவதற்கென்றே தந்த 1959 வணிக அடிச்சட்டத்தில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 156 அங்குலம், அதாவது நான்கு மீட்டருக்குச் சற்றே குறைவு. மொத்த நீளம் ஆறு மீட்டரைத் தாண்டும். வளாக நுழைவில் மேடு இருந்தால் நேராக ஏற்றக் கூடாது, வயிறு தட்டும். கோணமாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும். உயரக்கூரை ஆம்புலன்ஸ் என்றால் சுழல் விளக்கையும் சேர்த்து அளந்த பிறகே வாயில் வளைவுக்குள் விட வேண்டும்.

பிரேக்கில்தான் உயிர் இருக்கிறது. முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் தனித்தனியாகப் பிரேக் அழுத்தம் தரும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்குக் காடிலாக் 1962இல்தான் மாறியது. அதற்கு முந்தையவற்றில் ஒரே ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நான்கிலும் பிரேக் போய்விடும். இரண்டரை டன்னைத் தாண்டும் வண்டிக்கு இது விளையாட்டல்ல. ரப்பர் குழாய்களை மாற்றி, ஈரம் உறிஞ்சிய பழைய பிரேக் திரவத்தை முழுவதும் வடித்துவிட்டே புறப்பட வேண்டும். டயரில் கோடு தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பக்கவாட்டு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். பத்தாண்டு தாண்டிய டயர் நெடுஞ்சாலையில் பிளக்கக்கூடும்.

மதிலைச் சுற்றி ஊர்வலம் போகும்போது நின்றுபோகும் வண்டிகளுக்குக் காரணம் பெரும்பாலும் சூடு. நடை வேகத்தில் ரேடியேட்டருக்குக் காற்றுப் போதாது. எத்தனால் கலந்த பெட்ரோல் கார்புரேட்டரிலேயே கொதித்து வழிந்து எஞ்சினை மூழ்கடிக்கும். அப்போது ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விட்டால் நிலைமை மோசமாகும். பானட்டைத் திறந்து இருபது நிமிடம் ஆறவிட்டு, பெடலை முழுதாக அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் தடுக்கும் தடுப்புத் தகடு வைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

மக்கள் கேட்க ஆசைப்படுவது சைரன். ஃபெடரல் நிறுவனத்தின் 'க்யூ' வகை சைரன் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 100 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து தடித்த கேபிளும், இடையில் பெரும் மின்னோட்டத்தைத் தாங்கும் சோலனாய்டு சுவிட்சும் இல்லாமல் சாதாரண சுவிட்சில் கொடுத்தால் கம்பி உருகும். எஞ்சின் ஓடும்போது மட்டும், சில வினாடிகளுக்கு மட்டும் ஒலிக்கலாம். கல் மதிலுக்குள் எதிரொலி காதைக் கிழிக்கும், குழந்தைகளைத் தள்ளி நிறுத்த வேண்டும். பொதுச் சாலையில் சிவப்பு விளக்குகளுக்கு உறை போடுவதே நல்லது. இதில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடும்.

வாங்க நினைப்பவர்கள் துருவைத் தேட வேண்டிய இடம் பின்கதவுப் படியும் ரோலர் பலகைகளின் அடிப்புறமும். வினைல் கூரை போட்டவற்றில் அதன் அடியிலும் பார்க்க வேண்டும். முன்பகுதி காடிலாக்கின் சாதாரண கார்களோடு பொருந்தும், உதிரி கிடைக்கும். முன்கண்ணாடிக்குப் பின்னால் உள்ளதெல்லாம் பட்டறையில் கையால் கட்டியது. அந்தப் பின்கதவு கெட்டால் இன்னொரு வண்டியைப் பிரித்தால்தான் உண்டு.

1974இல் வந்த கூட்டாட்சி அரசின் ஆம்புலன்ஸ் விதிமுறை வேனையும் டிரக்கையும் அடித்தளமாகக் கொண்டதால் இந்த வகை முடிவுக்கு வந்தது. அது சரியான மாற்றம்தான். தாழ்ந்த கூரைக்குள் குனிந்தபடி மார்பை அழுத்தி உயிர்ச்சிகிச்சை கொடுக்க முடியாது. 1976இல் தொடங்கிய ப்ரொஃபஷனல் கார் சொசைட்டி போன்ற சங்கங்கள் இருப்பதால்தான் இவற்றில் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கின்றன. அடுத்த முறை படம் போடும்போது பின்கதவைத் திறந்துவைத்த வண்டி ஒன்றையும், அதன் தரை தெரியும்படி, சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய வாகன ஆர்வலர் ஒருவர்,
கோயம்புத்தூர்.